அருணாக்கொடியில் இழுத்த கம்பி

எதிர் டீக்கடையில் எனக்குப் 'பைலட்டு' என்று பெயர். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைக்குள் உட்கார்ந்திருப்பேன். "பைலட்டு வண்டிய மேல ஏத்திட்டாருப்பா, இனிமே கூப்புட்டாக் கேக்காது" என்பார் டீ மாஸ்டர். எனக்குக் கேட்கும். கேட்காத மாதிரி இருந்துகொள்வேன். நாலு பேர் கூடிப் பேசுகிற இடத்தில் என்ன பதில் சொல்வதென்று எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை. காதில் ஏதாவது மாட்டியிருந்தால் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை.

ஆலங்குடியில் மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். கிணற்று மோட்டார், போர் மோட்டார், கடலை மில் மோட்டார் எல்லாம் வரும். எரிந்துபோன செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். பத்தாவதோடு படிப்பு நின்றது. இந்த வேலைக்கு அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால்தான் இதில் நிலைத்தேன் என்று நினைக்கிறேன்.

ஹெட்போன் என்னிடம் வந்தது திருமயம் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டிலிருந்து. வீட்டுக்காரர் சென்னையில் இருக்கிறார். வருசத்தில் சில தடவை வந்து கதவுகளைத் திறந்து வைத்து, தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொல்லி, திரும்பிப் போவார். ஒருமுறை அவர் வீட்டுக் கிணற்று மோட்டாரைச் சரிசெய்து மாட்டப் போயிருந்தேன். முற்றத்தை ஒட்டி நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு, காதில் இதை மாட்டி உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிடக் கூச்சப்பட்டுத் தூண் ஓரமாகவே நின்றேன். அவர் கண்ணைத் திறந்து பார்த்துச் சிரித்தார்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க? வாங்க, இங்கிட்டு ஒக்காருங்க. கேட்டுப் பாக்குறீங்களா?"

நாதஸ்வரக் கச்சேரி ஒன்றின் பதிவு. நான் கோயிலில் கேட்காத நாதஸ்வரமா? ஆனால் இதில் வாசிப்பவர் ஒரு வரியை முடித்துவிட்டு மூச்சு இழுப்பது கேட்டது. தவிலின் தொப்பிப் பக்கம் ஒரு திசையில் இருந்தது, வலந்தலைப் பக்கம் இன்னொரு திசையில் இருந்தது. பின்னால் யாரோ ஒருவர் ஜால்ரா போடுகிறார். ஒவ்வொரு தட்டும் தட்டிய பிறகு கொஞ்ச தூரம் ஒலித்துக்கொண்டே போய் அடங்கியது. அந்த மனிதர் நாலு பேருக்குப் பின்னால், எனக்கு நேராக நிற்பது போல் இருந்தது. என்னைப் போல ஒருவர் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த வீட்டுக்காரச் சார் புது ஹெட்போன் வாங்கியபோது பழையதையும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரையும் எனக்குக் கொடுத்தார். மோட்டார் வேலைக்குக் காசு வாங்க மாட்டேன் என்று நான் சொன்னதற்குப் பதிலாக என்று வைத்துக்கொண்டோம். அதிலிருந்து அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவார். மோட்டார் நன்றாக ஓடினாலும் கூப்பிடுவார். நாங்கள் பேசுவதெல்லாம் சத்தத்தைப் பற்றித்தான். அவர் பேசுவார், நான் கேட்பேன்.

கேபிள் என்கிற விஷயம் அப்படித்தான் ஆரம்பித்தது. ஹெட்போனோடு வந்த வயரை யாரும் வைத்துக்கொள்வதில்லை, அதைக் கழற்றிவிட்டு நல்ல கேபிள் போட வேண்டும் என்றார். ஆம்ப்புக்கும் பிளேயருக்கும் நடுவில் போகிற கேபிளுக்கே சிலர் ஒரு கார் விலை கொடுக்கிறார்களாம். நான் நாள் முழுக்கச் செம்புக் கம்பியோடு இருக்கிறவன். கம்பி என்றால் கரண்டு போகும், அவ்வளவுதானே என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அவர் தன் பெட்டியிலிருந்து ஒரு கேபிளை எடுத்து என் ஹெட்போனில் மாட்டினார். மாட்டும்போது, "இது வெள்ளி" என்றார்.

அதே கச்சேரிதான். ஜால்ராவின் வால் நீண்டது. தட்டியது அடங்கும் என்று நான் நினைத்த இடத்தைத் தாண்டிப் போய், இன்னும் மெல்லிசாகி, அப்புறம்தான் நின்றது. திரும்பக் கொடுக்கும்போது கேபிளைக் கையில் ஒரு நிமிசம் கூடுதலாக வைத்திருந்தேன்.

அந்த மாதிரி ஒன்றை வாங்குவது என்னால் ஆகாது. வெள்ளி விற்கிற விலையில் கம்பி வாங்கிச் செய்வதும் ஆகாது. பையன் காலேஜில் இருக்கிறான். ஒரு நாள் காலையில் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தேன். சோப்புப் போடும்போது இடுப்பில் கை பட்டது. அங்கே நல்ல கனமான வெள்ளி கிடந்தது.

எங்கள் பக்கத்தில் அதை அருணாக்கொடி என்போம். சின்னப் பிள்ளையிலிருந்து ஆம்பிளைகள் இடுப்பில் இருப்பது. கயிறாக இருக்கலாம், வெள்ளியாக இருக்கலாம், ஆனால் இடுப்பு வெறுமையாக இருக்கக் கூடாது. என்னுடையது தலைத் தீபாவளிக்கு என் மாமனார் போட்டது. முறுக்குச் சங்கிலி. அவர் கொஞ்சம் வசதியாக இருந்த காலம் அது.

எனக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு விசயமும் உண்டு. ஒருவர் இறந்துபோனால் குளிப்பாட்டும்போதுதான் அருணாக்கொடியை எடுப்பார்கள். மாமனார் இறந்தபோது என் மனைவி கதவோரம் நின்றிருந்தாள். அவருடைய கயிற்றை அறுத்ததை அவள் பார்த்தாள். அன்றைக்கு அதுவரைக்கும் அழாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், அதைப் பார்த்த பிறகுதான் கீழே உட்கார்ந்தாள்.

இது தெரிந்தும், அருணாக்கொடியை உருக்கிக் கேபிளுக்குக் கம்பியாக்கட்டுமா என்று அவளிடம் கேட்டேன். பல நாள் வாயில் வைத்துக்கொண்டிருந்து, ஒரு நாள் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

முதலில் சிரித்தாள். "அருணாக்கொடியில பாட்டுக் கேக்கப் போறீங்களா? டீக்கடையில சொன்னா ஒரு வாரத்துக்குச் சிரிப்பாங்க."

"அங்கெல்லாம் சொல்லாத."

"நெசமாத்தான் கேக்குறீங்களா?"

தலையாட்டினேன். அவள் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தாள். தோலெல்லாம் முறத்தில் சேர்ந்தது. கடைசி வெங்காயத்தையும் உரித்துவிட்டுச் சொன்னாள்:

"கல்யாணமாகி இத்தன வருசத்துல நீங்க இது வேணும்னு எதையும் கேட்டதில்ல. ஒரு சட்டகூட நாந்தான் எடுத்துக் குடுப்பேன். வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான். இதுக்கும் மாட்டேன்னு எப்புடிச் சொல்றது?"

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் கறுப்புக் கயிறு வாங்கி வந்தாள். என்னை நிற்க வைத்து, வெள்ளி இருக்கும்போதே அதற்கு மேலே கயிற்றைச் சுற்றிக் கட்டினாள். முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்து, இன்னொரு முடிச்சும் போட்டாள். அதற்குப் பிறகுதான் வெள்ளியின் கொக்கியைக் கழற்ற விட்டாள். ஒரு நொடிகூட இடுப்பு சும்மா இருக்கவில்லை. கழற்றியதை என் கையில் தராமல் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, "எடுத்துக்கங்க" என்றாள்.

நகை செய்கிற பத்தர் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. வயசானவர். சங்கிலியைக் கையில் வாங்கியதுமே என் இடுப்பைப் பார்த்தார்.

"கயிறு கட்டியிருக்கீங்களா தம்பி?"

"கட்டியிருக்கேங்க."

"அப்ப சரி. என்ன, கொலுசா மாத்தணுமா? பேத்தி எதுவும் பொறந்திருக்கா?"

"இல்லங்க. கம்பியா வேணும்."

"கம்பியா?"

"மெல்லிசா. நீளமா. அப்புடியே சுருட்டிக் குடுத்தாப் போதும்."

"எதுக்கு?"

"பாட்டுக் கேக்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "நானும் அம்பது வருசமா இந்தத் தொழில் பாக்குறேன்" என்றார். உருக்கி, அழுக்கெடுத்து, தகட்டில் வரிசையாக இருக்கிற ஓட்டைகளில் பெரியதிலிருந்து சின்னது வரை இழுத்து இழுத்து, நாலு நாளில் கொடுத்தார். மெல்லிய, மிருதுவான கம்பி. கையில் ஏந்தினால் தலைமுடி போலத் தொங்கியது.

வெள்ளியைத் தொடுவதற்கு முன்னால் கை பழக வேண்டும் என்று, கடையிலிருந்த புதுச் செம்புக் கம்பியில் ஒரு கேபிள் செய்து பார்த்தேன். மோட்டார் வேலைக்கு வாங்குகிற மெல்லிய வெள்ளைக் குழாய்க்குள் கம்பியைச் செருகி, நாலு இழையாகச் சேர்த்துப் பின்ன வேண்டும். எனக்குப் பின்னல் வரவில்லை. ஒரு பக்கம் தளர்ந்தது, ஒரு பக்கம் இறுகியது. பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "குடுங்க இங்கிட்டு" என்று பிடுங்கி, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு மடமடவென்று பின்னிக் கொடுத்தாள். செம்பையும் அவள்தான் பின்னினாள், வெள்ளியையும் அவள்தான் பின்னினாள். முனைகளில் பிளக் பின்னை வைத்து ஈயம் பற்றவைத்தது நான். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்தன. அடையாளத்துக்கு வெள்ளியின் நுனியில் மட்டும் ஒரு சிவப்பு நூல் சுற்றினேன்.

முதல் நாள் கேட்டபோது, எல்லாம் இருந்தது. மூச்சு, தவில், பின்னால் நிற்கிற ஜால்ராக்காரர். வால் நீண்டது. நீண்டது என்றுதான் நினைத்தேன்.

"எப்புடி இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

"நல்லாருக்கு."

"எங்கப்பா போட்ட வெள்ளியாச்சே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் இருக்கும். கடையில் ஒரு மோட்டாரை ஓட்டிப் பார்க்கும்போது கரண்டு கையில் தட்டியது. எங்கள் தொழிலில் அது கொசுக்கடி மாதிரி. பின்னால் தள்ளிப்போய் ஸ்டூலோடு விழுந்தேன், எழுந்தேன், வேலையைப் பார்த்தேன். ஆனால் நான் விழுந்த சமயம் டீ மாஸ்டர் கிளாஸ் எடுக்க வந்திருந்தார். சாயங்காலம் கடைத்தெருவில் என் மனைவியைப் பார்த்து, "அண்ணி, இன்னைக்குப் பைலட்டு தரையில எறங்குனாரு பாருங்க, சக்கரமே இல்லாம!" என்று சொல்லியிருக்கிறார்.

நான் வீட்டுக்குப் போனபோது அவள் என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பைத்தான் பார்த்தாள். சட்டையைத் தூக்கி, கயிறு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து மத்தியானம் போன் வர ஆரம்பித்தது. "சாப்டீங்களா?" என்பாள். சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்ததே அவள்தான். சாப்பிட்டேன் என்றால், "சரி" என்று வைத்துவிடுவாள். நான் ஹெட்போனை மாட்டுகிற நேரமாகப் பார்த்து வரும். அதற்கு முன்னால், உயிர் போகிற அவசரம் என்றால் தவிர, அவள் கடைக்குப் போன் பண்ணியதில்லை. சாயங்காலம் கொஞ்சம் தாமதமானால் வாசலில் நிற்பாள். கேட்டால், காற்றுக்கு நிற்கிறேன் என்பாள். பயமாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். எனக்கு அந்த மாதிரிக் கேள்விகள் தொண்டைக்கு மேலே வராது. அவளும் வெள்ளியைத் திரும்ப மாற்றுங்கள் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஹெட்போனை மாட்டினால் இப்போது பாட்டோடு சேர்ந்து ஒரு கணக்கும் ஓடியது. இவ்வளவு பயத்துக்கு இந்த ஜால்ரா வால் பெறுமா? நிச்சயமாகப் பெறும் என்றால் நானே அவளிடம் சொல்லித் தேற்றியிருப்பேன். நிச்சயமாக நீள்கிறதா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சில நாள் நீண்டது. சில நாள், முக்கியமாக அவள் போன் பண்ணி வைத்த பிறகு, நீளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு. மத்தியானம் அவளைக் கூப்பிட்டு, "எனக்கு ஒரு ஒத்தாச பண்ணணும்" என்றேன். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன், கண்ணைத் துண்டால் கட்டிக்கொள்வேன், அவள் தன் இஷ்டத்துக்குச் செம்பையோ வெள்ளியையோ மாட்டி ஹெட்போனை என் தலையில் வைக்க வேண்டும், நான் எது என்று சொல்ல வேண்டும். எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்று காட்டிக் கொடுத்தேன்.

"தப்பாச் சொன்னா?"

"தப்பாச் சொன்னாத் தெரிஞ்சுபோகும்ல."

"கண்ணக் கட்டி வெளயாடுற வயசா இது" என்று சொல்லிக்கொண்டே துண்டை அவளே இறுக்கிக் கட்டினாள்.

முதல் தடவை கேட்டதும், "செம்பு" என்றேன். அவள் ஹெட்போனை எடுத்தாள், பிளக் கழறுகிற சத்தம், மாட்டுகிற சத்தம், மறுபடி தலையில் வைத்தாள். இந்தத் தடவை ஜால்ரா மெல்லிசாக இழுத்துக்கொண்டு போனது. தெளிவாகத் தெரிந்தது. "வெள்ளி! இதுதான் வெள்ளி" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருப்பேன். அடுத்தது செம்பு, அதற்கடுத்தது மறுபடி வெள்ளி. எனக்கு உற்சாகமாகிவிட்டது. என் காதின் மேல் எனக்கே மரியாதை வந்தது. "போதும், போதும். எத்தன சரி?" என்று துண்டை அவிழ்த்தேன்.

ஆம்ப்பில் மாட்டியிருந்தது செம்பு. வெள்ளி அவள் மடியில், சேலைக் கொசுவத்துக்குள் இருந்தது. சிவப்பு நூல் சுற்றிய நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

"கடைசியா வெள்ளின்னேனே, அது…"

"அது ஒங்க மோட்டார்க் கம்பி."

"அதுக்கு முன்னாடி?"

"அதுவும் அதேதாங்க." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மாத்தத்தான் நெனச்சேன். மொதல்ல இதக் கையில எடுத்தேன். அப்புறம் கீழ வைக்க மனசு வரல. ஒவ்வொரு தடவையும் செம்பயே கழட்டிக் கழட்டி மாட்டுனேன். கோச்சுக்காதீங்க."

கோபம் எங்கே வரும்? எனக்கு முகம் சூடாகிவிட்டது. அதே கம்பியில் இரண்டு தடவை வால் நீண்டதே, அதை நான் கேட்டேனே. பொய் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டேன். எங்கிருந்து வந்தது அந்தச் சத்தம்?

என் முகத்தைப் பார்த்து அவளுக்குப் பாவமாகிவிட்டது போல. "இன்னொரு தடவ ஒழுங்காப் பண்ணுவோம். கட்டுங்க கண்ண" என்றாள். நான் வேண்டாம் என்றேன். "அப்ப விடுங்க. ஒங்களுக்கு நல்லாருக்குன்னா நல்லாருக்கு, அவ்வளவுதான். வச்சுக்கங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்று மடியிலிருந்து எடுத்து நீட்டினாள். நீட்டிய கை என் பக்கம் முழுசாக வரவில்லை.

அப்போதுதான் கேட்டேன். "பயமா இருக்கா ஒனக்கு?"

"எங்கப்பாவுக்கு அறுத்தத நான் பாத்தேன்லங்க" என்றாள்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் பத்தரிடம் போனேன். கேபிளை நீட்டியதும் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "யாரு பின்னுனது? நம்ம வேல மாதிரி இருக்கு."

"வீட்லங்க."

"பாட்டு சரியாக் கேக்கலயா?"

"கேக்குது. சங்கிலியாவே இருக்கட்டும்னு…"

"எந்தச் சங்கிலியும் மொதல்ல கம்பிதான் தம்பி. பாதி வேலைய முடிச்சுத்தான் கொண்டாந்திருக்கீங்க" என்று சிரித்தார். ஈயம் பட்ட நுனிகளை வெட்டித் தனியே போட்டார். பழைய அளவு ஏறக்குறைய வரும், கொக்கி மட்டும் கடைசி வளையத்தில் விழும், தொப்பை போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

சங்கிலி வந்த அன்று அவளே மாட்டிவிட்டாள். இந்தத் தடவையும் அதே வரிசைதான். கயிறு இருக்கும்போதே வெள்ளி. கயிற்றை அறுக்கக் கத்தரிக்கோலை எடுத்து வந்தேன். சட்டென்று அதை வாங்கிக்கொண்டாள். "அது பாட்டுக்குக் கெடக்கட்டும், ஒண்ணும் பண்ணாது" என்றாள். இப்போது இரண்டும் என் இடுப்பில் இருக்கின்றன.

சார் அடுத்த தடவை ஊருக்கு வந்தபோது செம்புக் கேபிளைப் பார்த்து நல்ல வேலைப்பாடு என்றார். அவரிடம் நான் வழக்கமாக எதையும் சொல்வதில்லை. அன்றைக்கு எப்படியோ கண்ணைக் கட்டிய கதையைச் சொல்லிவிட்டேன். அருணாக்கொடியை மட்டும் விட்டுவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தன் வெள்ளிக் கேபிளை விரலில் சுற்றிக்கொண்டே, "எங்க வீட்லயும் கண்ணக் கட்டி விடுறேன்னுதான் சொல்றாங்க" என்றார். "நாந்தான் ஒத்துக்க மாட்டேங்கிறேன். பயமா இருக்கு." பிறகு இரண்டு பேரும் அந்தக் கச்சேரியை ஆளுக்கு ஒரு ஹெட்போனில் கேட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

சங்கிலி திரும்பி வந்த மறுநாள் மத்தியானம் கடையில் போன் வரவில்லை. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஜால்ராக்காரர் அவருடைய இடத்தில் நின்று போட்டுக்கொண்டிருந்தார். மனது அதில் நிற்கவில்லை, கண் போனையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கச்சேரியை நிறுத்திவிட்டு நானே போட்டேன்.

"என்னங்க? என்னாச்சு?" என்று பதறினாள்.

"ஒண்ணும் ஆகல. சாப்டியா?"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எதுத்த கடையில யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க? பைலட்டு வண்டிய நிறுத்திட்டுப் பொண்டாட்டிகூடப் பேசுறாருன்னு சொல்லப் போறாங்க" என்றாள். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.